கேசரியோட போர்வை

மூக்கைச் சுளிக்கறீங்களே, அது நானுங்க. குதிரை வாசம். காலைல ரெண்டு தடவை சோப்புப் போட்டுக் குளிச்சேன், போகமாட்டேங்குது. ஜன்னலை நல்லாத் தொறந்து வெச்சுக்குங்க. பல்லடம் தாண்டுனா காத்து வரும், அப்பறம் பழகிப்போயிரும். நீங்க எதுவரைக்குமுங்க? தாராபுரமா? நானும் தாராபுரந்தானுங்க. அப்பச் சரி, பேசிட்டே போலாம்.

இல்லீங்க, குதிரை ஓட்டறவன் இல்லை. குதிரைத் துணி தொவைக்கறவன். சிரிங்க, சிரிங்க. எல்லாரும் மொதல்ல சிரிக்கத்தான் செய்யறாங்க. சிரிச்சவன் ஒருத்தனுக்கு முன்பல்லு ரெண்டை எடுத்துட்டேன், அவன் எம்பட மச்சினன். அதைப் பொறவு சொல்றேன். உங்களைச் சொல்லலீங்க. படிச்சவராட்டம் இருக்கறீங்க, நீங்க தாராளமாச் சிரிங்க.

எம்பேரு திருமூர்த்தி. திருப்பூர்ல வாஷிங் பட்டறைல பன்னெண்டு வருசம் இருந்தேன். எப்பேர்ப்பட்ட கறையா இருந்தாலும் சரி, துணியக் கைல வாங்கி ஒரு தரம் மோந்து பாத்தாப் போதும், இது எண்ணெய், இது ரத்தம், இது துருன்னு சொல்லிப்போடுவேன். அங்கிருந்து ஏன் வந்தேன்னு கேளுங்க. சூப்பர்வைசர்னு ஒரு பையன், நேத்து மொளைச்சவன், ஒரு சட்டையத் தூக்கிக் காட்டி, ‘கறை போகலையேடா’ன்னான். ‘டா’ன்னுட்டான். ‘டா’ன்னு சொன்னதக்கூடப் பொறுத்துக்கலாமுங்க. நான் தொவைச்ச துணில கறை இருக்குதுன்னு சொல்லலாமா? தொட்டி கலக்கற கட்டை கைல இருந்துச்சு. ஒரே போடு. தோள்பட்டை எறங்கிப்போச்சு. அவன் கத்துன கத்துல மொத்தப் பட்டறையும் மெஷினை நிறுத்திட்டு வந்து நின்னுச்சு. அடியாத மாடு படியாதுங்க. அதுக்கப்பறம் அவன் ஆரையும் டா போட்டிருக்க மாட்டான். அந்த வகைல நான் அவனுக்கு நல்லதுதான் பண்ணியிருக்கேன்.

வேலை போச்சு. அப்ப எம்பட பொண்டாட்டி சாந்தாமணி, சூலூருக்கு அக்கட்ட ஒரு மில்லுக்காரரு தோட்டத்துல வேலைக்குப் போயிட்டிருந்தா. ரங்கதுரைன்னு பேரு அவருக்கு. பெரிய மனுசன். பதினாலு குதிரை வெச்சிருக்காரு, ஆசைக்கு. இவளுக்கு லாயத்துல சாணி அள்ற வேலை. ஒரு நாள் சோறு போட்டுட்டே சொல்றா: ‘ஏனுங்க, குதிரைப் போர்வையெல்லாம் அம்பாரமாக் குமிஞ்சு நாறிக்கிட்டுக் கெடக்குது. எந்த லாண்டரிக்காரனும் எடுக்க மாட்டேங்கறான். மசுரு போயி மெஷினை அடைச்சுக்குதாம். நாம எடுத்தா என்னங்க?’

பொம்பள சொன்னாளேன்னு ஆரம்பத்துல நான் கண்டுக்கலை. ரெண்டு நாள் கழிச்சு அந்த யோசனை எனக்கே தோணுச்சு. அவ வளையலக் கழட்டிக் குடுத்தா. திருப்பூர்ல மூடுன பட்டறை ஒண்ணுல பழைய மெஷினு, அம்பது கிலோ புடிக்கறது, அதைத் தூக்கிட்டு வந்து வீட்டுக்குப் பின்னால செட்டுப் போட்டேன்.

சும்மா இல்லீங்க இந்தத் தொழிலு. போர்வைய மொதல்ல கம்பில போட்டு அடிக்கோணும். மசுரு பறக்கும், மூக்குல வாயில எல்லாம் போகும். அப்பறம் இரும்புச் சீப்புல வாரோணும். அதுக்கப்பறந்தான் ஊறவே போடறது. சேணத்துக்கு அடில போடற மெத்தை இருக்குது பாருங்க, அது வேர்வைல உப்புப் பூத்துப் பலகையாட்டம் நிக்கும். வயித்து வாரு, கடிவாளமெல்லாம் தோலு. அதையெல்லாம் மெஷினுக்குள்ள விடக் கூடாது, ஈரத்துணில தொடைச்சு எண்ணெய் போடோணும். அது சாந்தாமணி வேலை. விரல் நகமெல்லாம் கறுத்துப்போச்சு அவளுக்கு. மொத மாசம் மசுரு அடைச்சுக் குழாய் வெடிச்சு, பக்கத்து வீட்டுக்குள்ள தண்ணி போயிருச்சு. பக்கத்து வீட்டுக்காரன் சண்டைக்கு வந்தான். வந்த வழியே திரும்பிப் போகலை, ஆட்டோல போனான்.

மூணாம் மாசம் பாக்கோணுமே நீங்க. வெள்ளைப் போர்வைன்னா வெள்ளை. மல்லியப்பூவாட்டம். ரங்கதுரை ஐயா தொட்டுப் பாத்துட்டு, ‘இதுல நானே படுத்துக்கலாம்போல இருக்குதே’ன்னாரு. ஒருத்தருங்க, ஒரே ஒருத்தரு, அதைப் பாத்து மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாரு. அங்க குதிரை பாத்துக்கற மஸ்தான் பாய்.

அவரப் பாக்கத்தான் இப்பத் தாராபுரம் போறேன். பையில ஆப்பிளு, ஹார்லிக்ஸு. ஒடம்பு முடியாத ஆளப் பாக்கப் போறப்ப வெறுங்கையோட போகக் கூடாது பாருங்க.

அறுவது வயசுக்கு மேல இருக்குமுங்க அவருக்கு. தாத்தன், அப்பன் எல்லாமே அந்தியூர்ச் சந்தைல குதிரை யாவாரம் பண்ணுனவங்க. அந்தப் பதினாலுல கேசரின்னு ஒரு ஆண் குதிரை. செவலை. பேரு மட்டுந்தான் இனிப்பு, பாயைத் தவிர வேற எந்த மனுசனையும் கிட்டச் சேக்காது. நீலன்னு இன்னொண்ணு, கறுப்பு, அதுவும் ஆணு. ரெண்டையும் லாயத்துல அந்தக் கோடிக்கு ஒண்ணு இந்தக் கோடிக்கு ஒண்ணுன்னு கட்டி வெச்சிருப்பாங்க. ஒண்ணை ஒண்ணு கண்ணுல பாத்தாப் போதும், செவுரு இடியும்.

பாய் எங்கிட்ட என்ன சொன்னாருன்னா, ‘தம்பி, கேசரிக்கு ரெண்டு போர்வை. ஒண்ணத்தான் தொவைக்கக் குடுப்பேன். ஒண்ணு அவன் வாசத்தோட இங்கயே கெடக்கும், அதைத் தொடாத. இன்னொண்ணு, நீலன் போர்வையும் கேசரி போர்வையும் ஒரே தண்ணில போட்டுராத. ஆணுக்கு ஆணு வாசம் ஆகாது. கொன்னுபோடும்’னாரு.

சரின்னேன். நல்லாத்தானுங்க சொன்னேன். ஆனா தொவைச்ச போர்வையக் கொண்டுபோய்க் குடுத்தா, அந்த மனுசன் என்ன பண்ணுனாருங்கறீங்க? எங் கண்ணு முன்னாடியே அதை வாங்கி, கேசரியோட அறைல, மூத்திரம் பேஞ்ச வைக்கப்புல்லுல போட்டு, காலால மிதிச்சு மிதிச்சுப் பொரட்டுனாரு. ரெண்டு நாள் அப்படியே கெடக்கோணுமாம். அவன் வாசம் ஏறுனதுக்கு அப்பறந்தான் மேல போடுவாராம். எனக்கு எப்படி இருக்கும்? நீங்களே சொல்லுங்க. நீங்க எலை போட்டுச் சோறு வெக்கறீங்க, ஒருத்தன் அதுல மண்ண அள்ளிப் போட்டா? எம்பட மூஞ்சில காறித் துப்புனாப்பல இருந்துச்சுங்க. ஒவ்வொரு வாரமும் இதே கூத்து. நான் வெளுக்கறது, அவரு மிதிக்கறது. பக்கத்துல நிக்கற பசங்க என்னயப் பாத்துச் சிரிக்கறது.

சாந்தாமணிகிட்டச் சொன்னேன். ‘அவரு குதிரையோட பொறந்தவருங்க, சொன்னாச் சொன்னபடி செய்யுங்க’ன்னா. பாருங்க, கட்டுன பொண்டாட்டி எம்பக்கம் இல்லை.

மார்கழில ஒரு வெள்ளிக்கெழமை. பெங்களூர்ல இருந்து விருந்தாளிங்க வர்றாங்க, எல்லாப் போர்வையும் பளிச்சுன்னு இருக்கோணும்னு ஐயா சொல்லிவிட்டாரு. மத்தியானம் பாய் தொழுகைக்குப் போயிட்டாரு. கேசரி அறைக் கதவுல அந்தத் தொவைக்காத போர்வை தொங்குது. செவந்து, பிசுபிசுன்னு, ஈ மொய்க்குது. நான் தொவைக்காத துணி ஒண்ணு இந்த லாயத்துல இருக்கலாமுங்களா? எடுத்தேன். வண்டில போட்டேன். அவ்வளவுதான் நான் பண்ணுன தப்பு. தப்புகூட இல்லீங்க, வேலை.

நேரமில்லை. சாயங்காலம் அஞ்சு மணிக்குள்ள எல்லாம் காஞ்சு திரும்போணும். கேசரியோட ரெண்டு போர்வையும் போட்டேன், எடம் இருந்துச்சு, நீலனோடதையும் தூக்கி உள்ள போட்டேன். சாந்தாமணி ஓடியாந்து மெஷின் கதவப் புடிச்சுக்கிட்டா. ‘வேண்டாமுங்க. பாய் படிச்சுப் படிச்சுச் சொன்னாருங்க. தனியாப் போடுங்க.’ எங்கிட்டப் பாடம் எடுக்கறா. ஒண்ணே ஒண்ணு வெச்சேன், கன்னத்துல. மெஷின் மூலைல போயி மோதி உக்காந்துட்டா. காதுல ரத்தம் வந்துச்சு, கொஞ்சந்தான். அந்தக் காது அப்பறம் செரியாக் கேக்கறதில்லைங்கறா. அது அவளுக்கு முன்னாடியே கொஞ்சம் மந்தமுங்க, கூப்புட்டா ஒடனே திரும்ப மாட்டா.

ஒரு தண்ணிதான் அலச முடிஞ்சுது. வாசத்துக்கு ரோசாப்பூத் திரவம் ஊத்துனேன். போர்வைங்க வெளிய வந்துச்சு பாருங்க, அந்த மாதிரி வெள்ளை எங்கைல அதுக்கு முன்ன வந்ததில்லை, பின்னயும் வரலை.

அஞ்சு மணிக்கு லாயத்துல எல்லாரும் நிக்கறாங்க. ஐயா, விருந்தாளிங்க நாலு பேரு, லாயத்துப் பசங்க, நானு, சாந்தாமணி முந்தானையக் காதுல வெச்சு அமுத்திக்கிட்டு ஒரு ஓரமா. ‘கேசரியப் போர்வை போட்டுக் கொண்டா’ன்னாரு ஐயா. பாய் போர்வையக் கைல வாங்குனாரு. ரெண்டுமே வெள்ளை. மூஞ்சி மாறிப்போச்சு. ‘ஐயா, இது இன்னைக்குத் தொவைச்சதுங்க. ரெண்டு நாள் ஆகட்டுங்க’ன்னாரு. ‘விருந்தாளி முன்னாடி என்ன பாய், போடுங்க’ன்னாரு ஐயா. நானும் சொன்னேன், ‘போடுங்க பாய், ஒண்ணும் ஆகாது.’ பாய் எங்கிட்ட வந்தாரு. மெதுவாத்தான் கேட்டாரு. ‘தம்பி, நீலனோடத இதுகூடப் போடலையே?’

போடலைன்னேன்.

வேற என்னங்க சொல்றது? அத்தனை பெரிய மனுசங்க நிக்கறாங்க. அப்படி ஆமான்னு சொல்லியிருந்தா எம்பட மானம் என்ன ஆகறது? அதுவுமில்லாம, நாப்பது வருசமாக் குதிரையோட கெடக்கற மனுசன், அவருக்கே தெரிய வேண்டாமா? மோந்து பாக்க மூக்கு இல்லையா அவருக்கு? நான் ரோசாப்பூ ஊத்துனதால தெரியலைன்னு சாந்தாமணி சொல்றா. அவ எல்லாத்துக்கும் ஒண்ணு வெச்சிருப்பா.

பாய் என்னய ஒரு தரம் பாத்தாரு. நம்பிட்டாரு. உள்ள போயி, கேசரி கழுத்தத் தட்டி, ‘என் ராசா, என் ராசா’ன்னு சொல்லிக்கிட்டே போர்வைய முதுகுல விரிச்சாரு. மாருல பட்டையக் கட்டக் குனிஞ்சாரு.

அது தலையத் திருப்பித் தன் முதுகையே மோந்துச்சு. ஒரு தரந்தான். காது ரெண்டும் பின்னால படுத்துருச்சு. அப்பறம் ஒரு சத்தம் போட்டுது பாருங்க, நான் பன்னெண்டு வருசம் மெஷின் சத்தத்துல இருந்தவன், நானே காதப் பொத்திக்கிட்டேன். பாயோட வலது கைய, மொழங்கைக்கு மேல, வாயில கவ்வுச்சு. கவ்வி, நாய் கோழியப் புடிச்சு ஒதறுமே, அப்படி. அந்த மனுசன் தரைல கால் பாவலை. செவுத்துல ஒரு அடி, கதவுல ஒரு அடி. எலும்பு முறியற சத்தம் நாங்க நின்ன எடத்துக்குக் கேட்டுச்சு. கீழ போட்டுட்டு முன்னங்காலு ரெண்டையும் மடக்கி அவரு நெஞ்சு மேல மண்டி போட்டுது. விருந்தாளிங்க ஓடிட்டாங்க. ஐயா சிலையாட்டம் நிக்கறாரு. வெள்ளைப் போர்வை முழுக்க ரத்தம். பாயோட வாயி மட்டும் இன்னும் ‘ராசா, ராசா’ங்குது.

ஆரு உள்ள போனாங்கறீங்க? நாந்தான். இரும்புக் குழாய் ஒண்ணு சாத்தி வெச்சிருந்துச்சு, எடுத்துக்கிட்டுப் போனேன். மூக்கு மேல ஒண்ணு. விடலை. மண்டைல ஒண்ணு. அப்பறம் முன்னங்கால் முட்டில. அது எந்திரிச்சு அக்கட்ட ஒதுங்கிருச்சு. பாய சாந்தாமணி கால்ல புடிச்சு வெளிய இழுத்துட்டா. ஆனா என்னால நிறுத்த முடியலீங்க. மூலைல ஒண்டிக்கிட்டு நடுங்குது, அதைப் போயி அதே முட்டில இன்னொண்ணு, இன்னொண்ணு. அத்தனை மாசமா என்னயப் பாத்துச் சிரிச்ச அத்தனை மூஞ்சியும் அந்த முட்டில தெரிஞ்சுது. கால் முறிஞ்சு அது விழுந்ததுக்கு அப்பறந்தான் சாந்தாமணி கத்துனது எங் காதுல விழுந்துச்சு. ‘போதுமுங்க, பாயத்தான் வெளிய எடுத்தாச்சே, போதுமுங்க.’

அப்பத்தான் ஐயாவுக்கு வாய் வந்துச்சு. ‘எவன்டா கேசரி வாசத்தோட வெச்சிருந்த அந்தப் பழைய போர்வைய எடுத்துத் தொவைக்கக் குடுத்தது?’ன்னு கேட்டாரு.

நான் மூச்சு வாங்கிட்டிருந்தேன். அதுக்குள்ள பாய், தரைல கெடக்கறாரு, கை தோலுல மட்டுந்தான் தொங்குது, அவரு சொல்றாரு: ‘நாந்தான் குடுத்தேன் சாமி. எந் தப்பு. குதிரை மேல ஒரு தப்பும் இல்லீங்க. அதை ஒண்ணும் பண்ணிராதீங்க சாமி.’

கேட்டீங்களா? அவரு வாயாலயே சொன்னாரு. நான் சொல்லச் சொல்லலை. பத்துப் பேரு சாட்சி. அதுக்கு மேல நான் எதுக்குங்க வாயத் தொறக்கோணும்? குதிரையக் காப்பாத்தச் சொன்ன பொய்யிங்கறா சாந்தாமணி. பொய்யோ நெசமோ, சொன்னது சொன்னதுதானுங்க.

குதிரைய ஒண்ணும் பண்ண முடியலை. முட்டி நொறுங்கிப்போச்சு, இனி நிக்காதுன்னு குதிரை டாக்டரு ஊசி போட்டுட்டாரு. ஜேசிபி வந்து குழி தோண்டுச்சு. பாய்க்குக் கைய எடுத்துட்டாங்க, நெஞ்செலும்பு நாலு போச்சு. தானே சொன்னத மீறிப் போர்வையக் குடுத்தவருன்னு வேலையும் போச்சு, தாராபுரத்துல இருக்கற ஊட்டுக்கே போயிட்டாரு. ஐயா என்னயக் கூப்பிட்டு முதுகுல தட்டுனாரு. ‘நீ இல்லைன்னா மனுசன் செத்திருப்பான்’னாரு. பொள்ளாச்சில ரெண்டு லாயம், அன்னூர்ல ஒண்ணு, எல்லாத்துக்கும் அவரே சொல்லி உட்டாரு. இப்ப எனக்கு மூணு மெஷினு ஓடுதுங்க.

ஆசுபத்திரில போயி ஒரு தரம் பாத்தேன். ‘ஏன் பாய் அப்பிடி அசிங்கப்படுத்துனீங்க எந் துணிய’ன்னு கேட்டேன். மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. எனக்கு வந்துச்சு கோவம். தோளப் புடிச்சு இந்தப் பக்கம் திருப்புனேன். அது கை எடுத்த பக்கமுன்னு எனக்கு என்னங்க தெரியும்? போர்த்தியிருந்தாங்க. நர்சம்மா வந்து வெளிய தள்ளிட்டாங்க.

குழி மூடுன அன்னைக்கே சாந்தாமணி துணிய மூட்டை கட்டிட்டா. அழுகலை, கத்தலை. வாசல்ல நின்னு சொன்னா: ‘போயி அவருகிட்ட நாந்தான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டு வாங்க. அப்பறம் வர்றேன்.’ குதிரை கீழ தள்ளுனதும் இல்லாம குழியும் பறிச்சுதாம்பாங்க. அந்தக் கதைதானுங்க எனக்கு. மூணு மெஷினு ஓடுது, வீட்டுல வெளக்கு வெக்க ஆளில்லை.

விட்டுருவனா? அவங்கம்மா வீட்டுக்குப் போனேன். மச்சினன் வாசல்ல நின்னுட்டு, ‘குதிரைத் துணி வெளுக்கறவரு வந்துட்டாரு’ன்னு சிரிச்சான். அதைத்தான் மொதல்லயே சொன்னேன். பல்லு வாசப்படில விழுந்துச்சு. சாந்தாமணி பொறுக்கித் தண்ணில கழுவி அவன் கைல குடுத்தா. என்னய நிமுந்துகூடப் பாக்கலை. அதுலருந்து சோறு எறங்க மாட்டேங்குதுங்க எனக்கு. நெசமாச் சொல்றேன், அவ இல்லாம எனக்கு ஒண்ணுமே எறங்க மாட்டேங்குது. ராட்சசி. அந்தக் காது எப்பிடி இருக்குதோ.

அதான் கெளம்பிட்டேன். பாய் ஊட்டுல போயி உக்காருவேன். ஆப்பிளக் குடுப்பேன். போன் போட்டு அவரு கைல, இருக்கற கைல, குடுப்பேன். அன்னைக்கு அத்தனை பேரு முன்னாடி சொன்னாருல்ல, அதையே சாந்தாமணிகிட்ட ஒருக்காச் சொல்லிட்டாப் போதும். நாந்தான் குடுத்தேன்னு. பெரிய மனுசன் சொன்னா அவ நம்பிக்குவா. அடுத்த பஸ்ஸுல வந்துருவா.

என்ன சொன்னீங்க?

இல்ல, திரும்பச் சொல்லுங்க. பஸ் சத்தத்துல கேக்கலை. நானே சொல்லிட்டாத் தீந்துருமா?

அடேயப்பா. சுலுவாச் சொல்லிப்போட்டீங்க. எங்க எந்திரிக்கறீங்க? இது குண்டடம் ஸ்டாப்புங்க. நீங்க தாராபுரம்னுதானே சொன்னீங்க. உக்காருங்க. உக்காருங்கன்னா உக்காருங்க. கண்டக்டரை எதுக்குக் கூப்புடறீங்க, நான் என்ன பண்ணிட்டேன் உங்கள? சும்மா கையத்தான் புடிச்சிருக்கேன்.

சித்தெ எனக்கு ஒரு ஒத்தாசை பண்ணுங்க. நீங்கதான் பாயின்னு வெச்சுக்குவோம். எப்பிடிக் கேக்கறதுன்னு நான் பழகிக்கோணும், வேற ஒண்ணுமில்லை. நான் கேப்பேன், ‘பாய், அந்தப் போர்வைய ஆரு குடுத்தது?’ நீங்க சொல்லுங்க, ‘நாந்தான் குடுத்தேன்.’ சொல்லுங்க. கைய இழுக்காதீங்க, இழுத்தா வலிக்கும். சொல்லுங்க.

கேக்கலீங்க. இன்னும் கொஞ்சம் சத்தமா.

இன்னொருக்கா.

அவ்வளவுதானுங்க. விட்டுட்டேன் பாருங்க கைய. அட, எதுக்குங்க அழுகறீங்க? இத்தனூண்டு வார்த்தை, இதைச் சொல்றதுக்கு என்னங்க கஷ்டம் இருக்குது?